குறையில்லாத கோட்டு

கொழும்புக்குக் கப்பல் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் பூவாணிக்குளத்தில் மூன்று பேர் கூட்டாக ஒரு தையல் கடை வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மெஷின், ஒரு கத்தரிக்கோல். அறிவையும் அப்படியே பொதுவில் வைத்திருந்தார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

துணி வெட்டுகிறவர் பொன்னுலிங்கம். மெஷின் மிதிக்கிறவர் சுடலைமுத்து. பித்தான் வைத்து இஸ்திரி போடுகிறவர் தளவாய். இவர்கள் அதிகமாகத் தைத்தது தலையணை உறை, மெத்தை உறை, மாட்டு வண்டிக்குப் படுதா. அவ்வப்போது சட்டையும் தைத்ததுண்டு. சட்டை போட்டவர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். தலையணை ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. ஆகவே மனிதர்களுக்குத்தான் உடம்பு சரியாக அமையவில்லை என்று மூவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

இந்தக் கடைக்குத்தான் ஆவுடையப்பன் ஒரு நீலக் கம்பளித் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நல்ல பையன். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேசித் தட்டிப் போயிருந்தது. இப்போது வந்திருப்பது ஆத்தங்கரைப்பட்டி உலகம்மையின் சம்பந்தம். அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கட்டாவிட்டால் உயிரோடு இருந்து என்ன என்கிற அளவுக்கு ஆசை வைத்துவிட்டான்.

உலகம்மைக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன் திரவியம்தான் எல்லாம். கொழும்பில் ஜவுளிக் கடை வைத்திருந்த மனிதர். பெண் பார்த்த அன்று அவர் ஊரில் இல்லை; பிறகு வந்து, அந்தத் துணியைத் தரகரிடம் கொடுத்தனுப்பினார். "மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தத் துணியிலே கோட்டுத் தச்சுப் போட்டுக்கிட்டு வரணும். என் துணி ஊர் பாக்க ஊர்வலம் வந்தாத்தான் மறுநாள் தாலி. இல்லேன்னா நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

டவுனில் நல்ல கோட்டு மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஆனால் பொன்னுலிங்கம் ஆவுடையப்பனின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகன். சொந்தக்காரனை விட்டுவிட்டு வெளி ஆளிடம் கொடுத்தால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது என்று அம்மா சொல்லிவிட்டாள். இப்படித்தான் பல குடும்பங்களில் பல காரியம் நடக்கிறது.

"தம்பி, கோட்டு நாங்க தச்சதில்லை. ஆனா படுதா தச்சிருக்கோம். ரெண்டும் வெளியிலே போடுறதுதானே" என்றார் பொன்னுலிங்கம். இருந்தாலும் எதற்கும் கேட்டுக்கொள்ளலாம் என்று மறுநாளே பஸ் ஏறி டவுன் மாஸ்டரைப் போய்ப் பார்த்தார்.

மாஸ்டர் வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு வேலையில் இருந்தார். ஊசிகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு சொன்னார்: "கோட்டு என்ன பெரிய வித்தை? ஆளோட குறை அம்புட்டும் கோட்டுக்குள்ளே போயிரணும். வெளியே ஒண்ணும் தெரியப்படாது. எங்கே குறையோ அங்கே உள்ளே முரட்டுக் கித்தான் துணியும் பஞ்சும் வச்சு மேலே துணியைப் போடும். என்ன குறைன்னு அந்த ஆளை மட்டும் கேட்டிராதீரும். எவனுக்கும் தன் குறை தெரியாது, பாக்குறவனுக்குத்தான் தெரியும். அப்புறம், போட்டுப் பாக்கும்போது விறைச்சுக்கிட்டு நிக்க விடாதீரும். விசேஷத்துலே எப்படி இருப்பாரோ அப்படி வச்சுப் பாரும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. தப்பெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த ஆளிடம்தான்.

ஆவுடையப்பனை நிறுத்தி வைத்து அளவு எடுத்தார்கள். இடது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. தளவாய் அதைக் கண்டுபிடித்துவிட்டு, கைப்பிடி பஞ்சு வைத்தால் சரியாகிவிடும் என்றார். சுடலைமுத்துவுக்குத் திருப்தி இல்லை.

"ஏன் வே, ஒரு மனுசனுக்கு இவ்வளவுதான் குறையா?" என்றார்.

"அதானே! எனக்கே இதைவிட ஜாஸ்தி இருக்குமே" என்றார் தளவாய்.

"மாஸ்டர் 'அம்புட்டும்'னு சொன்னாரு. தோள் மட்டும்னு சொல்லலை" என்றார் பொன்னுலிங்கம். "தம்பி, உங்களை ஒண்ணும் கேக்கப்படாது. நீங்க வீட்டுக்குப் போங்க. மத்ததை நாங்க பாக்குறவங்ககிட்டே கேட்டுக்கிடுதோம்."

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டுத் தொழிலில் இதெல்லாம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று பேரும் ஊரைச் சுற்றினார்கள். டீக்கடை, சலூன், ஆவுடையப்பனின் அடுத்த வீடு, எதிர்த்த வீடு என்று ஒன்று விடவில்லை. "நம்ம ஆவுடையப்பனுக்கு என்னென்ன குறைன்னு தயவுபண்ணிச் சொல்லணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அடுத்தவன் குறையை இத்தனை மரியாதையாக யாரும் அந்த ஊரில் கேட்டதே கிடையாது. ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சொன்னார்கள். சொல்ல விட்டுப்போனவர்கள் சாயந்தரம் கடை வாசலிலே வந்து நின்றார்கள். அவனை முன்பின் பார்த்திராத ஒரு பாத்திர வியாபாரிகூட, தன் பங்குக்கு இருக்கட்டும் என்று ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ராத்திரி குறட்டை விடுகிறான். எதைக் கேட்டாலும் 'நாளைக்குப் பாப்போம்' என்கிறான். டீக்கடையில் அடுத்தவன் தோளுக்கு மேலே எட்டி ஓசிப் பேப்பர் படிக்கிறான். விருந்தாளி இலையில் எத்தனை இட்லி என்று விரல் விட்டு எண்ணுகிறான். சோம்பேறி. பல்லியைக் கண்டால் தெருவுக்கு ஓடுகிறான். பாவம், கொலை பாதகம் ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் வீட்டில் வைத்திருக்கிற சரக்குதான்.

இதையெல்லாம் சுமந்துகொண்டு வந்து மூன்று பேரும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். பஞ்சும் கித்தானும் தயாராக இருந்தன. எந்தக் குறை உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே பஞ்சு வைக்க முடியும்?

"குறட்டை தொண்டையிலே. அதுலே சந்தேகமில்லை" என்றார் பொன்னுலிங்கம். காலரைத் தாடை வரைக்கும் உயர்த்தி உள்ளே பஞ்சு திணித்தார்கள்.

"'நாளைக்குப் பாப்போம்'ங்கிறது?"

"நாக்குலே."

"நாக்குக்கு மேலே பல்லு, பல்லுக்கு மேலே உதடு. ஏற்கெனவே மூடித்தானே வே இருக்கு?" என்றார் தளவாய்.

"மூடியிருந்தும் வெளியே தெரியுதே! மூடினது பத்தலைன்னு அர்த்தம்."

இது நியாயமாகப் பட்டது. காலரை மூக்குக்குக் கீழே வரைக்கும் ஏற்றினார்கள். இட்லி எண்ணுவது விரலில் இருந்ததால் இரண்டு கைகளின் நுனியையும் பை மாதிரி மூடித் தைத்தார்கள். பல்லிப் பயம் காலில் இருந்தது, காலால்தானே ஓடுகிறான்? கோட்டைக் கணுக்கால் வரைக்கும் இறக்கினார்கள். இதற்குத் துணி போதாமல் கால்சட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததையும் எடுத்தார்கள். கணுக்கால் வரைக்கும் கோட்டு இருக்கும்போது கால்சட்டை எதற்கு என்று தளவாய் கேட்டது, அந்தக் கடையில் அன்று பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு.

சோம்பேறித்தனத்தில்தான் தகராறு வந்தது.

"அது முதுகுலே இருக்கு. முதுகாலேதானே படுக்கிறான்" என்றார் சுடலைமுத்து.

"கிடையாது வே, அது மெத்தையிலே இருக்கு. எந்திரிச்சு வந்துட்டான்னா சுறுசுறுப்பாத்தானே இருக்கான்? அவனை நான் பாத்திருக்கேன்" என்றார் தளவாய்.

பொன்னுலிங்கம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மெத்தையிலே இருந்தா நமக்குக் கவலையில்லை. அவன் மெத்தைக்கு உறை நாமதான் தச்சுக் குடுத்தோம். அது மூடியாச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று முதுகிலும் ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சு வைத்தார்கள். தலையணை அவர்களுக்குக் கை வந்த வேலை.

அடுத்தது போட்டுப் பார்ப்பது. விசேஷத்தில் எப்படி இருப்பாரோ அப்படி வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? மணை போட்டார்கள். மாலை வாங்கினார்கள். சுடலைமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கால் விரலால் தரையைக் கீறியபடி மணப்பெண்ணாக உட்கார்ந்தார். ஆவுடையப்பனைக் கோட்டுக்குள் இறக்கி அவர் பக்கத்தில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். கோட்டு மடங்கவில்லை. நட்டுக்குத்தலாக நின்றது.

"அண்ணாச்சி, கையைத் தூக்க முடியலை. விரலே வெளியே வரலை. எப்படித் தாலி கட்டுறது?" என்று காலருக்குள்ளிருந்து ஆவுடையப்பன் கேட்டான்.

"அது மறுநாள் காலையிலே, வேட்டி சட்டையிலே. கோட்டு அழைப்புக்கு மட்டுந்தான். அழைப்புலே உமக்குக் கையிலே என்ன வேலை?" என்றார் பொன்னுலிங்கம்.

மணப்பெண்ணாக இருந்த சுடலைமுத்து இதற்குள் ஆவுடையப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலை" என்றார்.

"என்ன வே சொல்லுதீரு?"

"என்னன்னு தெரியலை. பொண்ணு இடத்துலே உக்காந்து பாத்தா வேற மாதிரிதான் தெரியுது."

மூவருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் கேட்டார்கள், பெண் வீட்டாரைக் கேட்கவில்லையே! நாளைக்கு உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தானே? விடிந்ததும் ஆத்தங்கரைப்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

திரவியம் வாசலில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். "யாருவே நீங்க?" என்றார்.

"மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்கிறவங்க, முதலாளி. அவரோட குறையைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று பொன்னுலிங்கம் பணிவாகச் சொன்னார்.

"குறையா? ஒரு குறையும் இல்லாத பையன்னுல்ல தரகர் சொன்னாரு?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். "தரகர் சரியா விசாரிக்கலை போலிருக்கு. எங்களுக்குக் கிடைச்சதைச் சொல்லுதோம். விட்டுப்போனது இருந்தா நீங்க சொல்லுங்க" என்று ஆரம்பித்தார் பொன்னுலிங்கம். குறட்டையிலிருந்து பல்லி வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். நடுவில் அவர் மறந்ததைத் தளவாய் எடுத்துக் கொடுத்தார். பாத்திர வியாபாரி சொன்னதைக்கூட விடவில்லை.

திரவியத்தின் முகம் அவர் கடைச் சிவப்புப் பட்டு மாதிரி ஆகிவிட்டது. ஈஸிசேரை விட்டு எழுந்தார்.

"இவ்வளவு குறையா! அழைப்பு அன்னைக்கு நானே பக்கத்துலே நின்னு பாப்பேன். இதுலே ஒண்ணே ஒண்ணு என் கண்ணுலே பட்டாலும் தாலி கிடையாது. அடுத்த கப்பல்லே பொண்ணு கொழும்புக்கு!"

"படாது முதலாளி. அதுக்குத்தானே கோட்டு" என்றார்கள்.

அப்போது கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் உலகம்மை. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அவுக என்னைப் பாக்கவே இல்லை. பஜ்ஜியையேதான் பாத்துக்கிட்டு இருந்தாக." சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"இது புதுசு! ரொம்ப உபகாரம் தாயீ" என்று மூவரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

நடந்ததைக் கேட்டதும் ஆவுடையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அண்ணாச்சி, என் வாழ்க்கையைக் கெடுத்திட்டீங்களே! நான் பஜ்ஜியைப் பாக்கலை. அவ முகத்தை ஒரு தடவை பாத்ததும் மறுபடி பாக்கத் தைரியம் வரலை, அதான் தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பார்த்தவர் யாருக்கும் மனசு கலங்கும்.

பொன்னுலிங்கத்துக்கும் கலங்கியது. அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "அழாதீரும் தம்பி. தைரியம் இல்லாததும் ஒரு குறைதான். இன்னும் பஞ்சு இருக்கு" என்றார்.

பார்க்காத குறை கண்ணில் இருந்தது. ஓசிப் பேப்பரும் கண்ணில்தான். ஆகவே காலர் மூக்கைத் தாண்டியது, கண்ணைத் தாண்டியது, உச்சந்தலையில் போய்க் கூடிக்கொண்டது. மேலே ஒரு ஜரிகைத் தலைப்பாகையை வைத்துத் தைத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கோட்டில் எந்தக் குறையும் வெளியே தெரியவில்லை. ஆவுடையப்பனும் தெரியவில்லை.

அழைப்பு நாள் வந்தது. ஆத்தங்கரைப்பட்டிப் பிள்ளையார் கோயில் முன்னால் பூ ஜோடித்த திறந்த கார் நின்றது. இருட்டியதும் காஸ் லைட்டுகளை ஏற்றினார்கள், மேளம் முழங்கியது. கோயிலுக்குப் பின்புறம் வைத்து ஆவுடையப்பனைக் கோட்டுக்குள் இறக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காரை நெருங்கும்போது உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு கோட்டின் அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வந்தன. பாதங்களைத் தொடர்ந்து வேட்டி, அதைத் தொடர்ந்து தொப்பலாக நனைந்த பனியன், கடைசியாக ஆவுடையப்பன். மூச்சு வாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான்.

கோட்டு விழவில்லை. பஞ்சும் கித்தானும் கொடுத்த பலத்தில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"ஆள் வெளியே வந்தாச்சு. கோட்டு நிக்குதே வே" என்றார் சுடலைமுத்து.

"முன்னைவிட நல்லா நிக்குது. உள்ளே இடிச்சுக்கிட்டு இருந்தது இவருதான்" என்றார் தளவாய்.

பொன்னுலிங்கம் ஒரு சுற்று வந்து பார்த்தார். "இப்பத்தான் எனக்கு விளங்குது. குறை அம்புட்டும் இந்தத் தம்பிகிட்டே இருக்கு. தம்பி இல்லாட்டிக் குறையும் இல்லை. முதலாளி என்ன சொன்னாரு? என் துணி ஊர்வலம் வரணும்னாரு. தூக்கி வைங்க காருலே."

மறுத்துப் பேச ஆவுடையப்பனிடம் மூச்சு இல்லை. கோட்டை ஏற்றிக் காரில் நிறுத்திக் கழுத்தில் மாலையைப் போட்டு முடிக்கவும், திரவியம் வந்து சேரவும் சரியாக இருந்தது. ஆவுடையப்பன் காருக்குப் பின்னால் பதுங்கினான். 

திரவியம் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். முகத்தை மூடியிருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஜவுளிக்காரர் கண் துணியை விட்டு நகரவில்லை. தோளைத் தடவினார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காலரில் காதை வைத்துக் கேட்டார். குறட்டை இல்லை. "மாப்பிள்ளை, தாலிக்குப் பொன் உருக்கியாச்சா?" என்று திடீரென்று கேட்டார். நாளைக்குப் பாப்போம் என்று பதில் வரவில்லை. நாளிதழ் ஒன்றை எதிரில் விரித்துக் காட்டினார். எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாகச் சட்டென்று கையை நீட்டி, "அந்தா பல்லி!" என்று கத்தினார்.

கோட்டு அசையவில்லை. காருக்குப் பின்னாலிருந்து பனியன் போட்ட ஒருவன் அலறிக்கொண்டு ஓடிவந்து நடுத்தெருவில் நின்றான்.

"யாருவே அது?" என்றார் திரவியம்.

"அது காஸ் லைட் தூக்குற ஆளு, முதலாளி" என்று சொல்லிவிட்டு, தளவாய் ஒரு காஸ் லைட்டை எடுத்து ஆவுடையப்பன் தலையில் வைத்துவிட்டார்.

"பாருங்கய்யா, அவன் எப்படி ஓடுதான், மாப்பிள்ளை எப்படி அசையாம நிக்காரு! மனுசன்னா இப்படி இருக்கணும்" என்று திரவியம் பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். ஊர்வலம் புறப்பட்டது. காரில் கோட்டு. காருக்கு முன்னால், தலையில் விளக்கோடு, தன் கல்யாண அழைப்புக்குத் தானே வெளிச்சம் காட்டிக்கொண்டு ஆவுடையப்பன்.

பெண் வீட்டு மாடியில் உலகம்மை நின்றாள். காரைப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தின் அடியில் ஈரப் பனியனோடு நின்றவனைப் பார்த்தாள். தலையில் விளக்கு இருந்ததால் அவனால் தலையைக் குனிய முடியவில்லை. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்த பிறகு வேறு வழி வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். மேளம் அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் யாரோ வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் வேட்டி சட்டையோடு மணையில் உட்கார்ந்து, உலகம்மையின் முகத்தைப் பார்த்துத் தாலி கட்டினான் ஆவுடையப்பன்.

"நேத்துப் பாத்ததுக்கு மாப்பிள்ளை ரொம்ப மெலிஞ்சுட்டாரே?" என்று திரவியம் கவலைப்பட்டார்.

"கல்யாண அலைச்சல்" என்றார் பொன்னுலிங்கம்.

கோட்டை மண்டபத்து வாசல் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதற்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். பந்தி முடியும் நேரத்தில், ரைஸ் மில் வைத்திருக்கிற ஒரு பெரிய மனிதர் மூன்று தையற்காரர்களையும் ஓரமாக அழைத்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"நானும் காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். நீலக் கோட்டுப் போட்டு நிக்கிற பையன் வெட்டிப் பேச்சுப் பேசலை, வெத்திலை போடலை, பொம்பளைங்க பக்கம் திரும்பலை. உங்களுக்கு வேண்டியவரா?" என்றார்.

"எங்க பிள்ளை மாதிரி. எங்க கையாலே உருவானவன்" என்றார் பொன்னுலிங்கம் உண்மையாகவே.

"பையனுக்கு என்ன சம்பாத்தியம்?"

மூன்று பேரும் தள்ளிப் போய்க் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள்.

"சம்பாத்தியம் ஒண்ணும் கிடையாது. செலவும் கிடையாது" என்றார் பொன்னுலிங்கம்.

"குடிக்கிற பழக்கம்?"

"தண்ணிகூடக் குடிக்க மாட்டான்."

"மாமியார் நாத்தனார்னு யாரும்...?"

"ஒரு பிடுங்கலும் இல்லை."

ரைஸ் மில்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷமாக அலைந்தாரோ! ஓடிப்போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக் கொண்டுவந்து கோட்டுக்கு முன்னால் நீட்டினார். கோட்டு கையை நீட்டவில்லை.

"பெரியவங்க முன்னாலே கை நீட்ட மாட்டான், அவ்வளவு அடக்கம்" என்று சொல்லித் தட்டைச் சுடலைமுத்து வாங்கிக்கொண்டார். வருகிற தையிலேயே முகூர்த்தம் வைத்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். ரைஸ் மில்காரர் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, பொன்னுலிங்கத்தின் காதில் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"பையனுக்கு எங்க பொண்ணைப் பிடிக்குமா?"